ஒரு வேற்றுமை உருபும் ஒரு முழங்காலும்

கடந்த வாரம் எங்கள் தில்லித் தமிழர் குழு ஒன்றில் ஒரு படச்செய்தி வலம் வந்தது. சிவந்து வீங்கிய முழங்கால் ஒன்றின் படம். அதன் மேல் கொட்டை எழுத்தில், ‘வைட்டமின் டி குறைவால் முழங்கால் தேய்கிறது: ஆய்வில் உறுதி’ என்னும் வாசகம். கீழே ஓர் இரத்தப் பரிசோதனைத் திட்டத்தின் கட்டண விவரம். பகிர்ந்தவர் கற்றவர், என் மதிப்புக்குரியவர். ‘அனைவரும் பெற்றோருக்கு உடனே எடுத்துப் பாருங்கள்’ என்று அக்கறையோடு ஒரு வரியும் சேர்த்திருந்தார். சிறிது நேரத்திற்குள் வரிசையாகக் கைகூப்புகள். நான் மறுத்து எழுதிய நான்கு வரிகளுக்கு வந்த பதில் ஒன்றே: ‘நீங்கள் மொழியியல்தானே படித்தீர்கள்?’

ஆம், மொழியியல்தான் படித்தேன். அதனால்தான் அந்த வாசகத்தின் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அது ‘வைட்டமின்’ என்ற சொல்லில் இல்லை. ‘முழங்கால்’ என்ற சொல்லிலும் இல்லை. ‘குறைவால்’ என்பதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு ‘ஆல்’, அதில் இருக்கிறது.

பள்ளியில் படித்ததை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கு உருபுகளைச் சொல்கிறது நன்னூல். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள்களையும் சொல்கிறது. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி. ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் தச்சன் கருத்தா. ‘தாயோடு மகள் வந்தாள்’ என்பதில் உள்ளது உடனிகழ்ச்சி. இருவரும் சேர்ந்து வந்தார்கள், அவ்வளவே. தாய் மகளை இழுத்து வந்தாளா, மகள் தாயை அழைத்து வந்தாளா, இருவரையும் பாட்டி ஒருத்தி அனுப்பி வைத்தாளா என்பதை ‘ஓடு’ சொல்வதில்லை. அதைச் சொல்வது அதன் வேலையும் அன்று.

மக்களை உற்றுநோக்கிக் கணக்கெடுக்கும் மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் ‘ஓடு’ ஆய்வுகள். இன்ன நோயோடு இன்ன சத்தின் குறைவும் காணப்பட்டது என்பதே அவற்றால் சொல்லக்கூடியது. அந்த முடிவு செய்தியாகித் தமிழுக்கு வரும் வழியில் ‘ஓடு’ உதிர்ந்து ‘ஆல்’ ஒட்டிக்கொள்கிறது. உடனிகழ்ச்சி ஓரிரவில் கருத்தா ஆகிவிடுகிறது. பிறகு அந்தக் கருத்தாவை விரட்டுவதற்கு மாத்திரையும் பொட்டலமும் விற்பனைக்கு வருகின்றன.

இது இலக்கணம் படித்தவரின் குசும்பு என்று நினைப்பவர்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்கிறேன். தில்லியில் வாழும் தமிழ்ப் பெண்கள் தங்கள் உடல்வலியை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்பதே என் ஆய்வுப் பொருள். அதற்காக நான் சந்தித்தவர்களுள் ஒருவர், தென் தில்லியில் ஐந்து வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்கா. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டா என்றார். வயது 48. தில்லிக்கு வந்து 26 ஆண்டுகள். ஈரத்துணியைக் கையில் பிடித்துக் குந்தியபடி நகர்ந்து தரை துடைப்பதை இங்கே ‘போச்சா’ என்பார்கள். நீண்ட கோல் வைத்த துடைப்பானால் துடைத்தால் மூலை சுத்தமாகாது என்பது வீட்டுக்காரர்கள் பலரின் உறுதியான கொள்கை. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஐந்து போச்சா.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வலப்பக்க முழங்காலில் வலி தொடங்கியது. அருகிலுள்ள தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சென்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு முழு உடல் பரிசோதனைத் திட்டத்தில் இரத்தம் எடுத்தார்கள். அதன் கட்டணம் அவருக்கு ஒரு வீட்டின் அரை மாதச் சம்பளம். வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 22 நானோகிராம் என்று வந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘போதாது’ என்றிருந்தது. வாரத்திற்கு ஒன்றாக 60,000 அலகு கொண்ட பொட்டலங்களைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். எட்டு வாரம் குடித்தார். வலி குறையவில்லை. இன்னும் போதவில்லை போலும் என்று தாமாகவே கடையில் வாங்கி மேலும் நான்கு மாதம் குடித்தார். அந்த மருத்துவ நிலையத்தில் அவரிடம் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “என்ன வேலை செய்யறீங்க?”

என்னிடம் அவர் சொன்ன வாக்கியம் என் பதிவுக் கருவியில் இருக்கிறது: “சத்து இல்லாததால முட்டி தேஞ்சு போச்சாம் கண்ணு.” அந்த ‘இல்லாததால’ என்பதில் இருக்கும் ‘ஆல’ அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது அன்று. அந்த நிலையத்தில் அவருக்குக் கொடுத்தனுப்பப்பட்டது.

இனி ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன என்று பார்ப்போம். இந்தக் கதையின் தொடக்கம் நேர்மையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர்மக்களை 1948 முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களுள் 556 பேரின் முழங்கால்களை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரை, ஏற்கெனவே மூட்டுநோய் உள்ளவர்களுள் வைட்டமின் டி அளவு குறைந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. நோய் புதிதாகத் தோன்றுவதோடு தெளிவான தொடர்பு எதையும் அது காணவில்லை. அந்த ஆய்வாளர்கள் ‘ஓடு’ என்றுதான் எழுதினார்கள். வியப்புக்குரிய தொடர்பு, மேலும் சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

சோதித்தார்கள். 2007இல், ஃபிரேமிங்ஹாம் மக்களின் அடுத்த தலைமுறையினரையும் பாஸ்டன் நகர நோயாளிகளையும் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ‘ஓடு’ என்பதே அங்கு ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு ‘ஆல்’ உண்மையா என்று அறியும் ஒரே நேர்வழிக்கு வந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வைட்டமின், மறுபாதிப் பேருக்கு அதைப்போலவே தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். 2013இல் பாஸ்டனில் 146 பேர், இரண்டு ஆண்டுகள்: வலியிலும் குருத்தெலும்பின் இழப்பிலும் வேறுபாடு இல்லை. 2016இல் ஆஸ்திரேலியாவில் 413 பேர், இரண்டு ஆண்டுகள், மாதம் 50,000 அலகு. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: வைட்டமின் டி குறைந்தவர்களையே தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். குருத்தெலும்பின் அளவிலும் வலி மதிப்பெண்ணிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் 474 பேர், மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு 800 அலகு: மூட்டு இடைவெளி குறுகும் வேகம் மாறவில்லை. 2020இல் அமெரிக்காவில், முழங்கால் வலியுள்ள 1,398 பேர், சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல், நாளொன்றுக்கு 2,000 அலகு: வலி குறையவில்லை.

எதிர்ச்சான்றையும் நானே முன்வைக்கிறேன். 2013இல் லக்னோவில் வைட்டமின் டி குறைந்த 107 நோயாளிகளிடம் ஓராண்டு நடத்திய முன்னோட்ட ஆய்வில், வைட்டமின் பெற்றவர்களுக்கு வலி சற்றே குறைந்தது. நம் நாட்டு ஆய்வு என்பதால் அதைப் புறந்தள்ளக் கூடாது. நம் நாட்டு ஆய்வு என்பதாலேயே அதைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. சிறிய ஆய்வு, சிறிய பயன். அதைவிடப் பெரியவையும் நீண்டவையுமான நான்கு ஆய்வுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன. துலாக்கோல் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதைப் பார்வையுள்ளவர்கள் பார்க்கலாம்.

மற்ற வைட்டமின்களின் கதையும் இதுதான். வைட்டமின் இ கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2002இல் பயனில்லை என்றது. வைட்டமின் சி, இ இரண்டும் இரத்தத்தில் மிகுதியாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை, சொல்லப்போனால் முழங்கால் நோய் அவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே தோன்றியது என்று 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அதை வைத்து ‘வைட்டமின் சியால் முழங்கால் கெடும்’ என்று நான் கூவினால் அதுவும் அதே பிழைதான். வைட்டமின் கே குறைவோடு முழங்கால் நோய் சேர்ந்து காணப்படுவதாக வலுவான சில கணக்கெடுப்புகள் உண்டு. ஆனால் கை மூட்டுகளில் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஒட்டுமொத்தப் பயன் தென்படவில்லை. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. திறந்த கேள்வியைப் பொட்டலத்தில் அடைத்து விற்க முடியாது என்பதால் விளம்பரங்கள் அதை மூடிய விடையாக்குகின்றன.

அப்படியானால் குறைந்த வைட்டமினும் கெட்ட முழங்காலும் ஏன் சேர்ந்து வருகின்றன? தாயும் மகளும் வந்த கதையை மறுபடி நினையுங்கள். மகள் தாயை அழைத்து வந்திருக்கலாம்: முழங்கால் வலிப்பவர் வெளியே நடமாடுவதில்லை; வெயில் படாதவரின் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. பாட்டி இருவரையும் அனுப்பியிருக்கலாம்: உடற்பருமன் மூட்டின் சுமையைக் கூட்டுகிறது, இரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் தாழ்த்துகிறது. முதுமை மூட்டையும் தாக்குகிறது, தோல் அந்த வைட்டமினை உருவாக்கும் திறனையும் குறைக்கிறது. இவற்றையெல்லாம் ஓர் ‘ஆல்’ விழுங்கிவிட்டது.

தில்லியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நலமாக இருப்பவர்களிடமே வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஊரில் பெரும்பாலோருக்கு இருக்கும் ஒன்று முழங்கால் நோயாளியிடமும் இருந்தால் அதில் என்ன கண்டுபிடிப்பு? அடைமழை நாளில் மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்காரர்கள் எல்லோருடைய குடையும் நனைந்துதான் இருக்கும். குடையை உலர்த்தினால் காய்ச்சல் இறங்குமா?

‘போதாது’ என்ற தடித்த எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ‘குறைபாடு’, ‘போதாமை’ என்ற சொற்கள் இயற்கையில் விளைவன அல்ல. யாரோ ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர் குறைபாடுடையவர் ஆகிறார். 2010இன் இறுதியில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் கோட்டை 20 நானோகிராமில் கிழித்தது. ஏறத்தாழ எல்லோருடைய எலும்புத் தேவைக்கும் அது போதும் என்றது. 2011இல் அதே நாட்டின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் அதை 30க்கு உயர்த்தியது. எவருடைய உடலிலும் எதுவும் மாறவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது. கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் ‘போதாதவர்’ ஆனார்கள். 2024இல் அதே சங்கம், 30 என்ற அந்த அளவுகோலை இனித் தான் ஆதரிக்கவில்லை என்றும், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்வதற்கு எதிராகவும் அறிவித்தது. ஆனால் நம் பரிசோதனை நிலையங்களின் தாள்களில் பல இன்னும் 30ஐப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அக்காவின் 22, ஒரு கோட்டின்படி போதும். மறு கோட்டின்படி போதாது. எந்தக் கோட்டின்படி அவர் அரை மாதச் சம்பளத்தை இழந்தார் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கைச் செய்த சொல் ஒன்று உண்டு: தேய்மானம். செருப்பு தேயும், சாணைக்கல் தேயும், பேருந்தின் சக்கரம் தேயும். தேயும் பொருளைப் பயன்படுத்தாமல் வைத்தால்தான் நீடிக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்த உலக வழக்கு. அந்த அக்காவும் அப்படித்தான் புரிந்துகொண்டார். மாலையில் தோழிகளோடு பூங்காவில் நடப்பதை நிறுத்தினார். “தேயுற பொருளை எதுக்கு இன்னும் தேய்க்கணும்?” என்று என்னிடம் கேட்டார். அவருடைய தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. நாம் கொடுத்த சொல்லில்தான் ஓட்டை.

மூட்டு செருப்பு அன்று. அது உயிருள்ள உறுப்பு. குருத்தெலும்பு, அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சூழ்ந்த சவ்வு, தசைநார், தசை அனைத்தும் இந்த நோயில் பங்கு பெறுகின்றன. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே இல்லை; மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போது, சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டுக்கு ஊட்டம் குறையும். அதைத் தாங்கும் தொடைத் தசை மெலியும். முறையான உடற்பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கிறது என்பதற்குக் குலுக்கல் முறை ஆய்வுகள் 50க்கும் மேல் உண்டு. 2015இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதை உறுதி செய்தார்கள். வைட்டமினுக்குக் கிடைக்காத சான்று நடைக்கும் பயிற்சிக்கும் கிடைத்திருக்கிறது. அந்த அக்காவோ முன்னதைக் குடித்தார், பின்னதை நிறுத்தினார். இரு சொற்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் காலைக் கட்டிப்போட்ட விதம் இது.

இப்போது என்னை நோக்கி வரக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன்.

‘வைட்டமின் டி வேண்டாம் என்கிறாயா?’ இல்லை. அது கடுமையாகக் குறைந்தால் குழந்தைகளின் கால் எலும்பு வளையும். பெரியவர்களின் எலும்பு மென்மையாகி, வலியும் தசைத் தளர்ச்சியும் வரும். அத்தகையவர்களுக்கு மருத்துவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். நான் மறுப்பது, எல்லா முழங்கால்களின் கதவிலும் அதே பூட்டைப் பூட்டி அதே சாவியை விற்பதை.

‘கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் என்ன கெட்டுவிடும்?’ கெடும். 70 வயதைக் கடந்த 2,256 ஆஸ்திரேலியப் பெண்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு பெற்றவர்களே மற்றவர்களைவிட மிகுதியாகக் கீழே விழுந்தார்கள்; அவர்களுக்கே எலும்பு முறிவும் மிகுந்தது. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீரில் கரையும் வைட்டமின் அன்று இது, கொழுப்பில் தங்கும்.

‘குந்தி வேலை செய்வதால் முழங்கால் கெடுகிறது என்கிறாயே, அதுவும் ஓர் ஆல்தானே?’ இதுதான் நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பெய்ஜிங்கில் 60 வயதைக் கடந்தவர்களிடம், இளமையில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் குந்தியிருந்தார்கள் என்று கேட்டு 2004இல் வெளியான ஆய்வு, நெடுநேரம் குந்தியவர்களிடம் முழங்கால் நோய் மிகுதி என்றது. ஃபிரேமிங்ஹாம் பெண்களைவிட மெலிந்திருந்தும் பெய்ஜிங் பெண்களுக்கே முழங்கால் நோய் கூடுதல் என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். இவையும் ‘ஓடு’ ஆய்வுகளே, ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பேரை இருபது ஆண்டு குந்தச் சொல்லி எவரும் குலுக்கல் நடத்த முடியாது. ஆனால் இங்கே சுமை என்ற வழி கண்ணுக்குத் தெரிகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைத்த ஃபிரேமிங்ஹாம் பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் நோயின் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. சுமையைச் சந்தேகிக்க நமக்குக் காரணம் இருக்கிறது. என் குற்றச்சாட்டு வேறு: கையில் இரண்டு ‘ஓடு’கள் இருக்கும்போது, சோதித்துத் தோற்றதை ‘ஆல்’ ஆக்கி விற்கிறோம், முழங்காலின் மேல் நேராக விழுவதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? கருத்தா என்ற சொல்லுக்கு மறுபடி வருகிறேன். நோயின் கருத்தா வைட்டமின் என்றால் குறை அந்தப் பெண்ணின் இரத்தத்தில் இருக்கிறது. தீர்வு அவருடைய பணப்பையில் இருக்கிறது. வேலையும் ஒரு கருத்தா என்று ஒப்புக்கொண்டால், அந்த வேலையை அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டவர்கள் வாக்கியத்துக்குள் வந்துவிடுவார்கள். நானும் நீங்களும் வந்துவிடுவோம். 2017 ஆகஸ்டில் அரசு முழங்கால் மாற்று உறுப்புகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது, நல்ல செயல். ஆனால் அது பயணத்தின் கடைசி நிறுத்தம். அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளில், குந்தித் துடைக்கும் பெண்ணுக்கு ஒரு கோல் கிடைக்க எந்த அறிவிப்பும் இல்லை.

ஆகவே நண்பர்களே, இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, உடல்நலச் செய்தி எதையும் பகிரும் முன் அதிலுள்ள ‘ஆல்’ஐ எடுத்துவிட்டு ‘ஓடு’ போட்டுப் படியுங்கள். ‘வைட்டமின் டி குறைவோடு முழங்கால் நோயும் காணப்பட்டது.’ இப்போதும் பகிரத் தோன்றுகிறதா? தோன்றாவிட்டால், உங்களைப் பகிரத் தூண்டியது சான்று அன்று, உருபு. இரண்டாவது, உங்கள் வீட்டில் தரை துடைப்பவர் எப்படித் துடைக்கிறார் என்று இன்று ஒருமுறை பாருங்கள். நீண்ட கோல் வைத்த துடைப்பான் ஒன்றின் விலை, நீங்கள் பகிர்ந்த பரிசோதனைத் திட்டத்தின் கட்டணத்தைவிடக் குறைவு.

அந்த அக்கா இப்போது ஓர் அரசு மருத்துவமனையின் உடலியக்கப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்கிறார். மாலை நடையை மறுபடி தொடங்கிவிட்டார். வலி முழுதாகப் போகவில்லை, படியேறும்போது இருக்கிறது. பொட்டலத்தை நிறுத்திவிட்டார். ஐந்து வீடுகளிலும் கோல் கேட்டார். மூன்று வீடுகளில் வாங்கிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டில், மூலை சுத்தமாகாது என்றார்கள்.

அந்த இரண்டு வீடுகளுள் ஒன்று தமிழ் வீடு. நம் குழுவில் இருக்கும் வீடு.